காடிப் பசை

இறால் உரிக்கிற பெண்களின் விரல்நுனியைப் பார்த்தே கடலில் மீன்பாடு எப்படி என்று ராயபுரத்தில் சொல்லிவிடலாம். பாடு நன்றாக இருக்கிற மாதங்களில் விரல்நுனித் தோல் வெந்த கிழங்குபோல உரிந்து, உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும். பாடு குறைந்தால் தோல் மறுபடி மூடிக்கொள்ளும். இறாலின் சாறும் ஐஸ்தண்ணீரும் சேர்ந்து செய்கிற வேலை அது. வேலை விட்டு வந்ததும் படிகாரத் தண்ணீரில் விரல்களை ஊறவைப்பார்கள். எரியும். எரிந்தால்தான் மறுநாள் உரிக்க முடியும்.

இருதயம்மாள் பதினாறு வருஷமாக அந்த எரிச்சலோடு குடித்தனம் நடத்துகிறவள். இறாலைப் பார்த்து உரிக்கமாட்டாள். பக்கத்தில் இருப்பவளோடு வாய் பேசிக்கொண்டிருக்கும். விரல் மட்டும் இறாலின் முதுகில் ஓடி, குடல் எங்கே இருக்கிறதென்று கண்டுபிடித்து உருவிப் போட்டுவிடும். அந்த விரலுக்காகத்தான் அருள்பிரகாசம் அவளை ஐஸ் ரூம் வேலைக்குக் கூப்பிட்டான்.

இறால் கம்பெனி கடற்கரை ரோட்டோரம் பெரிய குளிர் அறை ஒன்று கட்டிக்கொண்டிருந்தது. தெர்மகோல் சுவர், அதன்மேல் அலுமினியத் தகடு. தகடும் தகடும் சேருகிற இடத்தில் ஊசி நுழைகிற சந்துகூட இருக்கக்கூடாது, இருந்தால் குளிர் வெளியே போய்விடும். அந்தச் சந்தை அடைப்பதற்காகக் குளிர் மிஷினோடு சேர்ந்து கப்பலில் ஒரு பசை வந்திருந்தது. நீளக் குழலில் அடைத்த வெள்ளைப் பசை. குழலைத் துப்பாக்கி மாதிரி ஒரு சாமானில் மாட்டி அழுத்தினால் மூக்கு வழியாகப் பல்லி வால்போல வரும். அதை விரலால் ஒரே இழுப்பில் வழிக்க வேண்டும். ஆம்பளைகள் இழுத்தால் மேடும் பள்ளமுமாக வந்தது. அதனால்தான் உரிக்கிற கொட்டகையிலிருந்து ஆறு பெண்கள். ரூம் முடிந்ததும் அந்த ஆறு பேருக்கும் உள்ளே மேஜை போட்டு உட்கார்ந்து உரிக்கிற நிரந்தர வேலை என்று பேச்சு. ஈரத்தரையில் பதினாறு வருஷம் குந்தியவளுக்கு மேஜை என்ற சொல்லே இனித்தது.

அருள்பிரகாசம் அவள் புருஷன் கஸ்பாருக்குச் சித்தப்பா மகன். வேலையிடத்தில் மேஸ்திரி, வீட்டுக்கு வந்தால் கொழுந்தன். பொய் பேசாதவன். குடிக்காதவன். ஞாயிறு பூசைக்கு முதல் வரிசையில் நிற்கிறவன். என்ஜினீயர் இங்கிலீஷில் சொன்னதை அவன்தான் பெண்களுக்கு எடுத்துச் சொன்னான்.

"இத்த நல்லா கேட்டுக்கோங்க. செவுரு காஞ்சிருக்கணும். தகடு காஞ்சிருக்கணும். ஒங்க கையும் காஞ்சிருக்கணும். தண்ணி பட்டுச்சோ, கல்லு மாரி ஆய்டும் இது. அப்பால கத்தி வெச்சாலும் வராது."

"இன்னா மேஸ்திரி, காடி ஊத்துன ஊறுகா மாரி வாசன வருது," என்றாள் தண்டையார்பேட்டை காத்தூன் பீவி. "தொட்டுகினு துன்னலாமா?"

"துன்னு பாரு. வவுறு ஒட்டிக்கும். வூட்டுக்காரருக்கு அரிசி மிச்சம்."

எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கே அதற்குக் காடிப் பசை என்று பேர் வைத்தாகிவிட்டது. சாப்பிடுகிற பொருளின் வாசனை வந்தால் மனுஷருக்குப் பயம் வருவதில்லை. அதே பசையில் கந்தக நாற்றம் அடித்திருந்தால் ஆறு பேரும் மூன்றாம் நாளே நின்றிருப்பார்கள்.

யாரும் சந்தேகப்படக்கூடாதென்று மேஸ்திரி ஒரு காரியம் செய்தான். காலையில் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து அதில் கொஞ்சம் பசையைப் பிதுக்கிப் போட்டான். சாயங்காலம் எடுத்துக் காட்டினான். செருப்பு ரப்பர் மாதிரி இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது. ஆறு பேரும் ஆளுக்கொரு தரம் இழுத்துப் பார்த்தார்கள்.

உள்ளே வேலை செய்வதுதான் பேஜார். கடற்காற்றில் மணல் வந்து ஈரப்பசையில் ஒட்டுகிறதென்று கதவைச் சாத்தி வைத்தார்கள். ஜன்னல் இல்லாத அறை. ஒரு மணி நேரத்தில் காடி வாசனை மூக்கைத் தாண்டித் தொண்டைக்குப் போகும், தொண்டையிலிருந்து நெஞ்சுக்கு இறங்கும். கண்ணில் தண்ணீர் நிற்காது. அழுமூஞ்சி ரூம் என்றாள் காத்தூன் பீவி. முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு ஆளுக்கு ஆள் இருமினார்கள். உரிந்த விரல்நுனியில் பசை பட்டால் சுரீர் என்றது. வேலை முடிந்ததும் மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்துக் கழுவினார்கள். அது இன்னும் எரிந்தது. எரிச்சல் புதுசா என்ன? படிகாரம் இருக்கிறது, பழகிக்கொள்ளலாம் என்று இருந்தார்கள்.

ஒன்பதாம் நாள் மத்தியானம், கூரை வேலையில் ஒரு மூலை பாக்கி. இருதயம்மாள் மரப்பெட்டிமேல் ஏறி நின்றாள். மேஸ்திரி பக்கத்தில் இன்னொரு பெட்டிமேல் நின்று துப்பாக்கியை அழுத்தினான். பசை வரவில்லை. முந்தின நாள் மூடாமல் வைத்த குழல். மூக்கில் காய்ந்து அடைத்திருந்தது. இருதயம்மாள் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, தன் முகத்துக்கு நேரே குழல் மூக்கைத் திருப்பி வைத்துக் குத்தினாள்.

"வருதா அண்ணி?"

"இன்னும் வர்ல. நல்லா அமுக்கு."

அவன் இரண்டு கையாலும் அமுக்கினான். அடைப்பு பிய்த்துக்கொண்டு வந்தது. பின்னாலேயே பசை வந்து அவள் இடது கண்ணில் அடித்தது.

பெட்டிமேலிருந்து எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கண்ணுக்குள் நெருப்புக் கங்கு. கதவைத் திறந்துகொண்டு வெளியே இருந்த குடிதண்ணீர்ப் பானைக்கு ஓடினாள். காத்தூன் பீவி அதற்குமுன் சொம்பில் மொண்டுவிட்டாள்.

"தண்ணி வாணாம்," என்று மேஸ்திரி குறுக்கே வந்து விழுந்தான். "பீவி, சொம்ப கீழ வெய். கண்ணுக்குள்ளயே கல்லாய்டும். முயி போய்டும்."

"எரியுது அருளு. வுடு."

"அண்ணி, சொல்றத கேளு. ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். காத்தூன் பீவி சொம்பைப் பார்த்தாள், இருதயம்மாளைப் பார்த்தாள், சொம்பைக் கீழே வைத்துவிட்டாள். அவளும்தான் டம்ளரிலிருந்து எடுத்த ரப்பரை இழுத்துப் பார்த்திருக்கிறாளே. இருதயம்மாளுக்கும் அது ஞாபகம் வந்தது. திமிறுவதை நிறுத்திவிட்டாள். காய்ந்த துணியால் ஒத்தினார்கள், பிறகு தேய்த்தார்கள், பிறகு துண்டை மடித்துக் கண்ணைக் கட்டினார்கள். என்ஜினீயர் கிண்டிக்குப் போயிருந்தார். டாக்டர் கண்ணைக் கழுவிவிட்டால் என்ன செய்வது என்று மேஸ்திரிக்குப் பயம். என்ஜினீயரைக் கேட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சைக்கிள் ரிக்‌ஷாவில் வைத்து வீட்டுக்கு இட்டுவந்தான். மனசில் ஒரு துளி கள்ளம் கிடையாது அவனுக்கு. அதுதான் கொடுமை.

மாதா கோயிலுக்குப் பின்னால் அவள் வீடு இருக்கிற சந்து. பதினெட்டுக் குடித்தனம், ஒரு குழாய். எழுபத்து நாலில் மழை ஏமாற்றியதிலிருந்து அந்தக் குழாய் விடியற்காலையில் அரை மணி நேரம் தண்ணீரும் மீதி நேரம் காற்றும் விட்டுக்கொண்டிருந்தது. குழாயடியில் உடையாத சிநேகிதம் சந்தில் இல்லை. எதிர்வீட்டுப் புஷ்பவல்லிக்கும் இருதயம்மாளுக்கும் மூன்று மாதமாகப் பேச்சு இல்லை. ஒரு குடத்தை முன்னே நகர்த்தியது யார் என்பதுதான் வழக்கு. இருவரும் சாகும்வரை நீ என்றுதான் சொல்வார்கள்.

நாலரை மணிக்கு ஷிப்ட் முடிந்து கஸ்பார் வந்தான். ஹார்பரில் சரக்கு இறக்குகிறவன். அன்றைக்குக் கந்தகக் கப்பல், புருவமெல்லாம் மஞ்சள். கஸ்பாரைப் பற்றிச் சந்தில் ஒரு கணக்கு உண்டு. அவன் சொன்னதில் பாதியைத் தள்ளு, மீதியில் பாதியை நாளைக்கு நம்பு. ஹார்பர் வாசலில் திமிங்கலம் எழுந்து நின்று கப்பலுக்கு சலாம் போட்டதைப் பார்த்தவன் அவன் ஒருத்தன்தான். பொண்டாட்டியே அவனை நம்பி இருபது வருஷம் ஆகிறது.

"இன்னாமே இது, கண்ண கட்டிகினு குந்திகினு கீற?"

மேஸ்திரி நடந்ததைச் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை.

"கய்வுனீங்களா?" என்றான் கஸ்பார்.

"கய்வக்கூடாதுண்ணே. தண்ணி பட்டா கெட்டியாவற சரக்கு."

"எவன் சொன்னான்?"

"என்ஜினீயரு சொன்னாரு. நானே டம்ளர்ல போட்டு பாத்தேன்."

"இங்க பாரு அருளு. இன்னிக்கி ரெண்டு மணிக்கி ஒர்த்தன் கண்ல கந்தகம் வாரி அடிச்சிது. இன்னா பண்ணோம்? படுக்க வெச்சி ஓஸ் பைப்ப மூஞ்சில வுட்டோம். அவன் எந்திரிச்சி டீ குட்ச்சிட்டு பூட்டான். கந்தகமோ, சோடாவோ, சிமிட்டியோ, ஹார்பர்ல ஒரே சட்டம்தான். மொதல்ல தண்ணி. அப்பால டாக்டரு. அப்பாலதான் சாமி."

"அது வேற சரக்கு, இது வேற சரக்குண்ணே."

"கண்ணு ஒரே கண்ணுதான?"

சந்துக்காரர்கள் கூடிவிட்டார்கள். எல்லாரும் மேஸ்திரி பக்கம். பொய் பேசாதவன் ஒரு பக்கம், திமிங்கலத்தின் சலாமைப் பார்த்தவன் ஒரு பக்கம். யார்தான் என்ன செய்வார்கள்? புஷ்பவல்லி தன் வாசல்படியில் நின்று மூக்கைச் சொறிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

கஸ்பார் பொண்டாட்டி முன்னால் குந்தினான். துண்டுக்குக் கீழே கன்னத்தில் கண்ணீர் வழிந்து கழுத்துவரை நனைந்திருந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"அருளு, டம்ளர்ல எப்ப போட்ட?"

"காலீல."

"எப்ப கெட்டியாச்சி?"

"சாய்ங்காலம் எடுத்து பாத்தோம்."

"இவளுக்கு எப்ப பட்டுச்சி?"

"ஒர் மணி இருக்கும்."

"மூணர மணி நேரமா அய்துகினு கீறா. இது இன்னா? மண்ணெண்ணெயா? இதுவும் தண்ணிதானடா. கெட்டியாவணும்னா இந்த தண்ணில ஆய்கினேதான் கீது உள்ள. கய்வுனா வெளிய வரும். கய்வலன்னா உள்ளயே ஒக்காந்துகினு கெட்டியாவும். இதுல எது ஒனக்கு வோணும்?"

இருதயம்மாள் கட்டின கண்ணோடு புருஷன் குரல் வந்த பக்கம் திரும்பினாள். இருபது வருஷத்தில் அந்த ஆள் கதை விடாமல் பேசி அவள் கேட்டது இதுதான் முதல் தடவை.

"நீ ஊத்துய்யா," என்றாள்.

வீட்டில் அரைக்குடம் இருந்தது. வாசலில் அவளைப் படுக்கவைத்து, தலையைச் சாய்த்து, இமையை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு கஸ்பார் சொம்பால் ஊற்றினான். நெருப்பில் தண்ணீர் ஊற்றின மாதிரி அவள் காலை உதைத்தாள். "ஊத்து, நிறுத்தாத," என்று அவளே சொன்னாள். வெள்ளையாக ஒரு துணுக்கு வந்தது. பிறகு நூல்போல ஒன்று. அரைக்குடம் தீர்ந்துவிட்டது.

"பத்தாது," என்றான் கஸ்பார். "ஹார்பர்ல கால் மணி நேரம் வுடுவோம்."

குழாயைத் திறந்தார்கள். புஸ்ஸென்று காற்று வந்தது. மேஸ்திரி அழுகிற முகத்தோடு நாலு பக்கமும் பார்த்தான். அந்த நேரத்தில் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது மறுநாள் காலைவரை குடிக்கவும் பொங்கவும் வைத்த தண்ணீர். கேட்கிற விஷயமா அது?

இடுப்பில் குடத்தோடு புஷ்பவல்லி தெருவைக் கடந்து வந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. குடத்தை இருதயம்மாள் தலைமாட்டில் வைத்தாள்.

"சொம்பால மொண்டா லேட்டாவும். குடத்தோட சாய்ய்யா," என்றாள் கஸ்பாரிடம்.

அதற்கப்புறம் குடங்கள் வந்தபடி இருந்தன. ஒன்பது குடம். குழாயடியில் ஒரு சொம்புக்காக ஒருத்தி மயிரை ஒருத்தி பிடித்தவர்கள்தான் எல்லாரும். மூன்று மாதமாகக் காய்ந்து வெடித்துக் கிடந்த சாக்கடையில் நல்ல தண்ணீர் ஓடியது. எங்கிருந்தோ கோழிகள் வந்து குடித்தன. கடைசிக் குடத்துக்குக் கண்ணிலிருந்து பசை ஒன்றும் வரவில்லை, தெளிந்த தண்ணீராகவே வழிந்தது. அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். சந்தில் அன்று ராத்திரி பாதி வீடுகளில் அடுப்பு எரியவில்லை.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விளக்கை அடித்து ரொம்ப நேரம் பார்த்தார். தண்ணீர் ஊற்றினது யார் என்று கேட்டார். கஸ்பார் பயந்துகொண்டே கையைத் தூக்கினான்.

"நல்ல வேலை செஞ்சீங்க. பட்ட ஒடனேயே ஊத்தியிருந்தா இன்னும் நல்லாருந்திருக்கும். காஞ்ச துணி போட்டுத் தேச்சிருக்கீங்க. அதுலதான் கருவிழி கீறியிருக்கு. கண்ணு இருக்கும். பார்வை பழையபடி வருமான்னு இப்ப சொல்ல முடியாது."

அறை வாசலில் நின்ற மேஸ்திரி அதைக் கேட்டான். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த பன்னிரண்டு நாளும் அவன் வந்துபோனான். வார்டுக்கு உள்ளே மட்டும் வரவில்லை.

கட்டுப் பிரித்தபோது இடது கண்ணுக்கு எல்லாம் அரிசி கழுவின தண்ணீருக்குள் இருப்பதுபோலத் தெரிந்தது. அது அப்படியேதான் இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. தட்டில் குழம்பு ஊற்றினால் தட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. தூரம் பிடிபடவில்லை. கஸ்பார் பார்த்தும் பார்க்காததுபோலத் தரையைத் துடைத்துவிட்டு, ஹார்பரில் ஒற்றைக் கண் கேப்டன் ஒருத்தன் ஓட்டிவந்த கப்பலைப் பற்றி ஆரம்பித்தான். முதல் தடவையாக அவள் கடைசிவரை கேட்டாள்.

மேஸ்திரி ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தான். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"இன்னா அருளு, நின்னுகினே கீற?"

"நா புட்ச்சிகினேன் அண்ணி ஒன் கைய. அதே நெனப்பா கீது. தூக்கம் வர்ல."

"ஆமா, புட்ச்சிகின. நல்லாத்தான் புட்ச்சிகின. நானும்தான் கேட்டுகினு நின்னேன். நீ வேணும்னு பண்ணல. ஆனா கண்ணு போனது போனதுதான், அத்த இல்லன்னு சொல்லமாட்டேன். வந்த சேதிய சொல்லு."

ஐஸ் ரூமில் இன்னும் ஒரு சுவரும் கதவு நிலையும் பாக்கி. மற்ற பெண்கள் பயந்து வர மறுக்கிறார்கள். வேலையை முடிக்கிறவர்களுக்குத்தான் மேஜை என்று கம்பெனியில் பேசுகிறார்கள். இதைச் சொல்ல அவன் வாய் கூசியது.

மறுநாள் இருதயம்மாள் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனாள். ஐஸ் ரூமுக்குப் போகவில்லை. மேஸ்திரியையும் காத்தூன் பீவியையும் கூட்டிக்கொண்டு நேராக ஸ்டோருக்குப் போய் ஸ்டோர் பார்க்கிற ஹபீபுல்லா முன்னால் நின்றாள்.

"பாய், அந்த பசை வந்த பொட்டில காயிதம் எதுனா வந்துச்சா?"

வந்திருந்தது. ஹபீபுல்லா ஒழுங்கான மனுஷர். சீமைக் காகிதம் தொலையக்கூடாதென்று முதல் நாளே ஓட்டை போட்டு, ஃபைலில் கோத்து, அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். யாரும் கேட்கவில்லை, அவரும் படிக்கவில்லை. இப்போது மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். காற்றோட்டம் இருக்கிற இடத்தில் வேலை செய்ய வேண்டும். ஈரப்பசை தோலில் படக்கூடாது. பட்டால் முதலில் காய்ந்த துணியால் துடைத்துவிட்டு, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். காய்ந்து முடிந்த பசை ஒன்றும் செய்யாது. கண்ணில் பட்டால் என்ற இடத்தில் அவர் குரல் இறங்கிவிட்டது.

"படிங்க பாய்."

"ஒடனே நெறய தண்ணி ஊத்தி, கால் மணி நேரத்துக்கு கொறயாம கழுவணும்னு போட்டிருக்கும்மா."

காத்தூன் பீவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மேஸ்திரி சுவரைப் பார்த்தான். தோலுக்குச் சொன்னதைக் கண்ணுக்கும், தகட்டுக்குச் சொன்னதைப் பெண்ணுக்கும் போட்டுக் குழப்பியதுதான் நடந்தது. இருதயம்மாள் கத்தவில்லை.

"கதவு தொறந்துதான் இருக்கணும். மணல் வந்தா சாக்கு கட்டு. வாசல்ல ஒரு டிரம் நல்ல தண்ணி, தெனம் புதுசா. அதுல எவனும் கை கய்வக்கூடாது, பீடி அணைக்கக்கூடாது. இது ரெண்டும் கீதுன்னா நா வரேன்."

என்ஜினீயர் மணலைப் பற்றி முனகினார். அப்படியானால் அவரே விரலால் இழுத்துப் பார்க்கலாம் என்று காத்தூன் பீவி பணிவாகச் சொன்னதும் ஒத்துக்கொண்டார். ஐஸ் போடக் கம்பெனிக்கு லாரியில் வருகிற தண்ணீரில் டிரம் நிரம்பியது. ரப்பர் கையுறையும் வந்தது, பயில்வான் கைக்கு ஏற்ற அளவில். திரும்பி வந்த பெண்கள் அதன் விரல்களை வெட்டி, இறுக்கிக் கட்டி, ஒவ்வொரு விரலுக்கும் தொப்பிபோல மாட்டிக்கொண்டார்கள். இருதயம்மாள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் வேலை செய்தாள். விரலுக்குத் தூரம் தேவையில்லை. சந்தைத் தொட்டுக்கொண்டே போனது, ஒரே இழுப்பு, மேடும் இல்லை பள்ளமும் இல்லை. வாசல் வழியாகக் காற்று வந்தது. யாரும் இருமவில்லை.

ஆறு நாளில் முடிந்தது. கடைசி நாள் சாயங்காலம் டிரம்மைப் பார்த்தாள். வாய்வரை தண்ணீர் தளும்பி நின்றது. ஒரு கைகூட அதில் இறங்கவில்லை. ஆள் வந்து டிரம்மைக் கவிழ்க்கப் போனான்.

"கவுக்காத," என்றாள்.

காத்தூன் பீவி ஒரு கைவண்டி பிடித்தாள். மேஸ்திரி இழுத்தான். ஐந்து குடத்தில் மொண்ட தண்ணீர் சந்துக்குள் வந்தபோது குழாய் வழக்கம்போலக் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. இருதயம்மாள் ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்து புஷ்பவல்லி வாசலுக்குப் போனாள்.

"இன்னாத்துக்கு இப்போ இது?" என்றாள் புஷ்பவல்லி.

"கண்ல பட்டா ஊத்தறதுக்குன்னு வெச்சிருந்தோம். ஒருத்தி கண்ணுக்கும் வேலையில்லாம பூட்ச்சி."

புஷ்பவல்லி உள்ளே போய் வெறுங்குடத்தைக் கொண்டுவந்து படியில் வைத்தாள். இருதயம்மாள் குனிந்து சாய்த்தாள். தண்ணீர் குடத்தின் வாய்க்கு நாலு விரல் தள்ளித் தரையில் விழுந்தது. அது அவளுக்குத் தெரியவில்லை. ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

ஒரு குடத்துக்காக மூன்று மாதம் பேசாமல் இருந்தவள் புஷ்பவல்லி. வாயைத் திறக்காமல் குந்தி, இரண்டு கையாலும் தன் குடத்தைப் பிடித்து, தண்ணீர் விழுகிற இடத்துக்கு மெல்ல நகர்த்தி வைத்தாள்.